சைனீஸ் டீ: ரொம்ப நாள் குடிச்சதுல எது நின்னுச்சு, எது போயிடுச்சு

லாங்ஜிங், தியேகுவான்யின், பூ-ஏர்னு பேரு எத்தனை இருந்தாலும் செடி ஒண்ணுதான், பறிச்ச இலைய அப்புறம் என்ன பண்றாங்கன்றதுலதான் எல்லாமே மாறுது.

க்ரீன் டீல லாங்ஜிங், ஹாங்சோ ஊர் சரக்கு. இலை காத்துல கறுக்கறதுக்குள்ள சூடான சட்டில கையால அழுத்தி வறுத்துடுவாங்க, அதான் தட்டையா இருக்கும், வறுத்த பாசிப்பருப்பு வாசம் வரும். ஏப்ரல் ஆரம்பத்துல சிங்மிங்னு சீனப் பண்டிகை வரும், அதுக்கு முன்னாடி பறிச்சதுன்னா விலை எகிறிடும். தண்ணி 80 டிகிரி போதும், கொதிக்க கொதிக்க ஊத்துனா கசக்கும். சில மாசத்துல வாசம் போயிடும்ங்கறதால நான் 50 கிராமுக்கு மேல வாங்கறதே இல்ல.

தினமும் குடிக்கறதுன்னா எனக்கு ஊலாங்தான். ஃபூஜியன்ல அன்ஷி பக்கம் தியேகுவான்யின், வூயி மலைல தா ஹொங் பாவ். இலைய குலுக்கி ஓரத்த நசுக்கி, காத்துல கறுக்கறத பாதிலயே நிறுத்திடறாங்க. மூடி போட்ட சின்ன கைவான் கப்புல, 110 மில்லிக்கு 7 கிராம் போட்டு நல்லா கொதிச்ச தண்ணி ஊத்தி இருபது செகண்ட்ல வடிச்சா, உருண்டையா கிடந்த தியேகுவான்யின் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமா விரிஞ்சு ஆறேழு தடவை வரைக்கும் தாங்கும், குடிக்கறதுக்கு முன்னாடி மூடிய மோந்து பாருங்க, பாதி சந்தோஷம் அங்கதான். பழைய பாணில பண்ணதுன்னா விரிஞ்ச இலைல ஓரம் மட்டும் செவந்திருக்கும்.

ஃபூடிங் வொயிட் டீ வாட வெச்சு காய வைக்கறதோட சரி, மென்மையா இருக்கும், எனக்கு போர். சீமன் ப்ளாக் டீ ஓகே, எங்க வீட்ல அதுலயும் பால் ஊத்திட்டாங்க! லப்சாங் சூச்சாங் பைன் மரப் புகைல காட்டறது, விருந்தாளிக்கு மட்டும்.

யுன்னான் பூ-ஏர் தனி உலகம். ஷெங்ங்கற பச்சை வகை இளசுல நல்லா கசக்கும், வருஷம் போகப் போக இளகும். ஷோவ் வேற, ஈரக் குவியலா போட்டு நொதிக்க விடற முறை, 1970கள்ல வந்தது, மண் வாசம், கருப்பா இருக்கும், ஆனா கசப்பு இல்ல, ராத்திரி சாப்பாட்டுக்கப்புறம் எனக்கு இதான். முதல் தண்ணிய கொட்டிடுங்க. மசாலா டப்பா பக்கத்துல வெச்சுடாதீங்க, வாசத்த இழுத்துக்கும். கம்மி விலைல "முப்பது வருஷப் பழசு"ன்னு யாராச்சும் குடுத்தா நம்பாதீங்க. பூ-ஏர வட்டா அழுத்தித்தான் விப்பாங்க, 357 கிராம்தான் வழக்கமான சைஸ், அத கையால உடைச்சா தூளாயிடும், ஓரத்துலேர்ந்து ஊசிக் கத்திய சொருகி நெம்புங்க.