பக் இல்லாத நான்கு வாரங்கள்

ரொறன்ரோ ஸ்காபரோவில் வீட்டுக்குக் கிட்ட உள்ள உள்ளக ஐஸ் ரிங்க் ஒன்றில், ஐஸ் ஹொக்கி ஆடும் என் ஒன்பது வயது மகனை பவர் ஸ்கேட்டிங் (ஹொக்கிக்கான சறுக்கல் பயிற்சி) வகுப்பில் சேர்த்தேன். சனிக்கிழமை காலை ஏழு மணி, பத்து வாரம், 320 டொலர். முதல் நான்கு வாரமும், ஐஸ் ஹொக்கியில் பந்துக்குப் பதிலாக இருக்கும் பக் என்ற ரப்பர் வட்டைக் கண்ணிலும் காட்டவில்லை. "காசைக் கட்டிப்போட்டு வெறுமனே வழுக்கவோ விடுறாங்கள்?" என்று மனைவியிடம் புறுபுறுத்தேன். கிரிக்கெட் ஆடி வளர்ந்தவனுக்குப் பந்தில்லாத பயிற்சி தண்டனை மாதிரித்தான்.

போதாததற்கு, கோச் முன்பு ஐஸில் நடனம் மாதிரி ஆடும் ஃபிகர் ஸ்கேட்டிங் ஆடியவர். அவருக்கு ஹொக்கி என்ன தெரியும் என்று நினைத்தேன். 1984இல் ஜோடி ஸ்கேட்டிங்கில் உலக சாம்பியனான பார்பரா அண்டர்ஹில்தான் பிறகு ரொறன்ரோ மேப்பிள் லீஃப்ஸ் ஹொக்கி அணி வீரர்களுக்கே சறுக்கப் பழக்கினார் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

முதல் நாளே கோச் பிடித்துவிட்டார்: இவன் இடப்பக்கம் மட்டும்தான் திரும்புகிறான், ஸ்டிக்கை மூன்றாவது காலாக ஊன்றுகிறான், நிற்க வேண்டுமென்றால் சுவரில் போய் மோதுகிறான். இரண்டு சீசன் பார்த்த என் கண்ணில் இதில் ஒன்றும் படவில்லை. ஸ்கேட்டின் கீழுள்ள இரும்புத் தகடான பிளேட்டின் அடியில் ஒரு பள்ளம் ஓடும். அதன் இரு பக்க விளிம்பும்தான் உள் எட்ஜ், வெளி எட்ஜ். பிள்ளைகள் உள் எட்ஜிலேயே காலத்தை ஓட்டுவார்கள், ஏனென்றால் வெளி எட்ஜில் சாய்ந்தால் விழப்போவது போல இருக்கும். அந்த நான்கு வாரமும் ஒற்றைக் காலில் வெளி எட்ஜ், பின்னோக்கிச் சறுக்கல், இரு பக்கமும் கிராஸ்ஓவர் (ஒரு காலை மற்றக் காலுக்குக் குறுக்கே எடுத்து வைப்பது). தோப்புக்கரணத்தைப் பாதியில் நிறுத்தியது போல முழங்கால் மடிந்தே இருக்க வேண்டும். அழுதான். ஆனால் அவன் அறைச் சுவரில் தொங்கும் கொனர் மக்டேவிட் (என்எச்எல் என்ற வட அமெரிக்க ஹொக்கி லீக்கின் வேகப் போட்டியில் 2017, 2018, 2019, 2024 என நான்கு முறை வென்றவர்) வேகம் எடுப்பதும் இதே கிராஸ்ஓவரில்தான் என்று கோச் சொன்னதும் அழுகை நின்றது.

ஆறாவது வாரம் பக்கோடு ஓடினான். தலை நிமிர்ந்திருந்தது. காலைப் பற்றிய கவலை இல்லாததால் யாருக்குத் தள்ளலாம் என்று பார்க்க முடிந்தது.

இடையில் ஒரு கூத்து. வெளியே ஒரு கடையில் ஸ்கேட்டைச் சாணை பிடித்துக்கொண்டு போனேன். அன்றைக்கு முழுக்க இடது கால் வழுக்கியது. கவனமில்லை என்று அவனை ஏசினேன். கோச் பிளேட்டின் குறுக்கே ஒரு காசை வைத்துக் காட்டினார், ஒரு பக்கம் சரிந்து நின்றது. எட்ஜ் இரண்டும் ஒரே உயரத்தில் இல்லை. மகனிடம் மன்னிப்புக் கேட்டேன்.

குறைகளும் உண்டு. பதினான்கு பிள்ளைகளுக்கு இரண்டு கோச். ஒருவர் வராத நாளில் வரிசையில் நின்றே நேரம் போகிறது. காய்ச்சலில் தவறிய வகுப்புக்கு மாற்று வகுப்பு இல்லை. பெற்றோர் இருக்கும் வாங்கு ஐஸை விடக் குளிர், கோப்பி மெசினும் வேலை செய்யாது. ஷூட்டிங் பழக வேண்டுமென்றால் இங்கே வராதீர்கள், அது வேறு வகுப்பு.

அடுத்த சுற்றுக்கும் பெயர் கொடுத்துவிட்டேன். இந்த முறை கம்பளியும் பிளாஸ்க்கும் என் கையில்.