ராயக்கோட்டைத் தக்காளிக்கு இன்சாட் படம் எவ்வளவு உதவும்?

தக்காளி வைத்திருக்கிறவனுக்கு மழை வருமா என்பதைவிட எத்தனை மணிக்கு வரும் என்பதுதான் கவலை. மருந்தடித்த கையோடு கொட்டினால் மருந்தும் போச்சு, ஆள் கூலியும் போச்சு. இதற்காகவே சில வருஷமாக இன்சாட் என்ற நம் வானிலைச் செயற்கைக்கோள்களின் படங்களைப் போனில் பார்த்து வருகிறேன். இஸ்ரோவின் மாஸ்டாக் தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

இன்சாட் 3டிஆர் 2016இல் போனது, 3டிஎஸ் 2024 பிப்ரவரியில். இரண்டுமே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்திலிருந்து நம் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருப்பவை. செப்டம்பர் மதியத்தில் தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஒரு வெள்ளைப் புள்ளி முளைக்கும். அடுத்தடுத்த படங்களில் அது பெருத்துக் கிழக்கே நகர்ந்தால் ஸ்பிரேயரைக் கழுவி வைத்துவிடலாம். "மேற்கே கருக்கல் கட்டுது" என்று அப்பா சொல்வதற்கு முன்பே தெரிந்துவிடும்.

ஆனால் அகச்சிவப்புப் படத்தை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது. அது அளப்பது மேகத்தின் உச்சி எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்பதை, மழையை அல்ல. உயரமான இடிமேகம் வெள்ளையாகத் தெரியும், சரி. பெய்து ஓய்ந்த பிறகு மேலே பரவிக் கிடக்கும் மெல்லிய படலமும் வெள்ளைதான். கீழே ஒரு சொட்டு விழாது. பகலில், கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தில் எடுத்த படத்தையும் சேர்த்துப் பார்த்தால் படலம் மங்கலாகத் தெரிந்து காட்டிக்கொடுத்துவிடும். ராத்திரியில் அந்த வழி இல்லை.

பழைய வருஷங்களை ஒப்பிட நாசாவின் ஜியோவானி தளம். கணினியில் திறப்பதுதான் வசதி. தர்மபுரி, கிருஷ்ணகிரிமேல் ஒரு கட்டம் வரைந்து ஐமெர்க் என்ற மழைத் தரவைத் தேர்ந்தெடுத்தால், இருபது வருஷத்துக்கும் மேலான மழை வரைபடமாக வந்துவிடும். பல செயற்கைக்கோள்களின் நுண்ணலை அளவுகளைச் சேர்த்துச் செய்த கணக்கு அது. எந்த வருஷம் ஆடிப்பட்டம் காய்ந்தது, எந்த வருஷம் ஐப்பசி கொட்டியது என்று பார்க்க இதைவிட நல்லது நான் பார்க்கவில்லை.

ஒரு தோட்டத்துக் கணக்குக்கு மட்டும் உதவாது. ஐமெர்க் மழையைக் கணக்கிடும் ஒரு கட்டமே சுமார் 10 கிலோமீட்டர் அகலம். நம் ஊரிலோ ஏரிக்கு இந்தக் கரையில் பெய்தால் அந்தக் கரை காயும். ஃபெஞ்சல் புயலில் 2024 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் ஊத்தங்கரை மழைமானி 50 சென்டிமீட்டர் காட்டியது. அப்படி ஓரிடத்தில் கொட்டும் உச்சம் கட்டத்தின் சராசரியில் அமுங்கிவிடும்.

அப்புறம், ஐமெர்க்கின் ஒரு நாள் நமக்கு அதிகாலை 5.30க்குத் தொடங்குகிறது, வானிலைத் துறையின் மழைமானி நாள் காலை 8.30க்கு. விடியற்காலை மழையை ஒப்பிடும்போது தேதி மாறிவிடும், பார்த்துக்கொள்ளுங்கள்.