பினாங்கில் ஒரு விடுமுறைக்கால உயிரியல் ஆய்வுக்கூடப் பயிற்சி: ஐந்தாம் படிவ மாணவியின் மதிப்பீடு

பினாங்குத் தீவின் தென்பகுதியில் உள்ள ஒரு தனியார் கல்வி நிலையம் நடத்தும் விடுமுறைக்காலப் பயிற்சியில், இவ்வாண்டு உயிரியல் பிரிவில் சேர்ந்து படித்தேன். மலேசிய இடைநிலைப் பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம்மில் உயிரியலின் மூன்றாம் தாள் செய்முறைத் தேர்வாக இருப்பதால், ஆய்வுக்கூடத்தில் கை பழக வேண்டும் என்பதே சேர்ந்ததன் நோக்கம். அந்த நோக்கத்தைப் பயிற்சியின் முற்பகுதி முழுமையாக நிறைவேற்றியது. விளம்பரத்தாளின் முகப்பை அலங்கரித்த பிற்பகுதியான டிஎன்ஏ வகுப்போ பெரும்பாலும் காட்சியாகவே முடிந்தது.

முற்பகுதியின் சிறப்பு, ஒவ்வொரு மாணவருக்கும் தனி நுண்ணோக்கி இருந்ததுதான். வெங்காய வேர்நுனியில் உயிரணுப் பிரிவைப் பார்க்கும் சோதனையைப் பள்ளியில் ஆயத்த வில்லைகளைக் கொண்டு முடித்துவிடுவார்கள். இங்கே வேர்நுனியை வெட்டுவது, 60 பாகை செல்சியஸ் வெப்பத்தில் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் வைத்து உயிரணுக்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டினைத் தளர்த்துவது, அசிட்டோகார்மின் சாயம் ஏற்றுவது, மூடுவில்லையின் மேல் கட்டைவிரலால் நேராக அழுத்தி ஒற்றை அடுக்காகப் பரப்புவது என எல்லாவற்றையும் நாங்களே செய்தோம். பாடநூல் படத்தில் நான்கு நிலைகளும் வரிசையாக நிற்கும். உண்மையான வில்லையிலோ பிரிவுக்கு உட்படாத உயிரணுக்களே நிறைந்திருக்கும், குரோமோசோம்கள் நடுவில் வரிசையாக நிற்கும் மெட்டாஃபேஸ் நிலை ஒன்றைக் காண நெடுநேரம் தேட வேண்டும். ஒவ்வொரு நிலையிலும் உள்ள உயிரணுக்களை எண்ணச் சொன்ன பயிற்றுநர், அந்த விகிதத்திலிருந்தே எந்த நிலைக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று கணிக்கலாம் என்பதை எங்கள் வாயாலேயே வரவழைத்தார். இந்த ஒரு வகுப்புக்காகவே கட்டணத்தில் பாதியைக் கொடுக்கலாம்.

பாக்டீரியாவை நிறத்தால் இரு வகையாகப் பிரித்துக் காட்டும் கிராம் சாயமேற்றமும் அதே தரத்தில் இருந்தது. தயிரிலிருந்து எடுத்த பாக்டீரியாவுக்குக் கிரிஸ்டல் வயலெட், அயோடின், ஆல்கஹால், சஃப்ரானின் என்ற வரிசையில் சாயமேற்றி, எண்ணெய் இட்டு 100 மடங்கு பொருள்வில்லையில் பார்த்தோம். ஆல்கஹால் சில நொடிகள் கூடுதலாகத் தங்கினாலே ஊதா நிறமாக நிற்க வேண்டியவை நிறமிழந்து, பின்னர் சஃப்ரானினை ஏற்றுச் சிவந்துவிடுகின்றன. எங்கள் மேசையில் இரண்டு வகை முடிவுகளும் அருகருகே கிடைத்ததால், காரணத்தைப் பேசிப் புரிந்துகொள்ள வாய்ப்பு அமைந்தது. ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் இம்முறையை வெளியிட்ட 1884இல்தான் தண்ணீர்மலைக்கு அருகிலுள்ள நம் தாவரவியல் பூங்காவும் தொடங்கப்பட்டது. அந்தப் பூங்காவுக்கு ஒரு நடை அழைத்துப் போயிருக்கலாம். வெளிக்களப் பணி எதுவுமே பாடத்திட்டத்தில் இல்லை.

மிகச் சிறிய அளவுத் திரவத்தை அளந்தெடுக்கும் மைக்ரோபிப்பெட் பயிற்சி எளிமையானது, ஆனால் பயனுள்ளது. அதன் பொத்தானை முதல் தடை வரை அழுத்தி உறிஞ்ச வேண்டும், வெளியேற்றும்போது இரண்டாம் தடை வரை அழுத்த வேண்டும். 100 மைக்ரோலிட்டர் நீர் ஏறத்தாழ 0.1 கிராம் எடை இருக்கும் என்பதால், எடுத்த அளவு சரிதானா என்று தராசிலேயே சோதித்துக்கொண்டோம்.

இவ்வளவு பழகிய பிறகு வந்த டிஎன்ஏ வகுப்பு ஏமாற்றம் தந்தது. டிஎன்ஏ துண்டுகளை மின்சாரத்தால் அளவுவாரியாகப் பிரிக்க உதவும் அகரோஸ் ஜெல்லை ஊழியர்கள் முன்கூட்டியே வார்த்து வைத்திருந்தார்கள். மாதிரிகளும் சாயம் கலந்து தயாராக இருந்தன. மொத்த வகுப்புக்கும் ஒரே கருவி என்பதால், ஆளுக்கு ஒரு குழியை நிரப்பிவிட்டு நகர்ந்தோம். டிஎன்ஏவின் பாஸ்பேட் தொகுதிகள் எதிர்மின்னேற்றம் உடையவை, ஆகவே அது நேர்மின்முனையை நோக்கி நகர்கிறது, சிறிய துண்டுகள் முந்துகின்றன என்பதெல்லாம் திரையில் ஓடிய விளக்கத்தில் மட்டுமே இருந்தது. ஜெல்லை முனை மாற்றி வைத்து மின்சாரம் கொடுத்தால் என்ன ஆகும் என்று ஒரு மாணவர் கேட்டதற்கு, நேரமில்லை என்ற பதிலே வந்தது.

விளக்கங்கள் ஆங்கிலத்தில் இருந்தன. மலாய்மொழியில் அறிவியல் படிப்பவர்களுக்கு முதலில் சற்றுத் திணறல் ஏற்பட்டாலும், உதவியாளராக இருந்த பல்கலைக்கழக அக்கா ஒருவர் மலாயிலும் தமிழிலும் பொறுமையாக விளக்கினார். சிறிய அளவுக் கையுறைகள் போதவில்லை. பெருநிலத்திலிருந்து வருபவர்களுக்குக் காலைப் பாலத்து நெரிசலோடு எட்டரை மணி வகுப்பு கடினம். பத்து நிமிடம் தாமதித்தாலும் பாதுகாப்பு விளக்கத்தைத் தவறவிட்டவராகக் கருதி அன்றைய சோதனையில் கைவைக்க விடுவதில்லை. அந்தக் கண்டிப்பில் எனக்குக் குறையில்லை.

நுண்ணோக்கியும் அளவீடும் பழக விரும்பும் நான்காம், ஐந்தாம் படிவ மாணவர்களுக்கு இதைப் பரிந்துரைக்கிறேன். மரபணுத் தொழில்நுட்பத்தை மட்டும் நாடி வருபவர்கள், ஜெல்லை யார் வார்ப்பார்கள், ஒரு கருவிக்கு எத்தனை பேர் என்ற இரண்டையும் பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுவிடட்டும். இறுதியில் தரும் சான்றிதழில் செய்த சோதனைகளின் பெயர்கள் இருப்பதில்லை. கேட்டால் மட்டும் முத்திரையிட்ட தனித்தாளில் எழுதித் தருகிறார்கள்.