வார இறுதிக்கு ரயிலா, காரா? புளோரன்ஸில் குடியேறிய பிரிட்டிஷ்காரர்களுக்கு ஓர் ஒப்பீடு

புளோரன்ஸிலிருந்து லூக்காவும் சியெனாவும் சாலை வழியே ஏறக்குறைய ஒரே தூரம். இரண்டும் எழுபத்தைந்து கிலோமீட்டரை ஒட்டித்தான். லூக்கா நிலையத்தில் இறங்கினால் எதிரிலேயே பழைய மதில், ஐந்து நிமிட நடையில் ஊருக்குள் போய்விடலாம். சியெனா நிலையம் குன்றின் அடியில் இருக்கிறது. எதிரேயுள்ள வணிக வளாகத்துக்குள் நுழைந்து, ஒன்றன்பின் ஒன்றாக வரும் எஸ்கலேட்டர்களில் மேலேறி, அதன் பிறகும் இருபது நிமிடம் போல நடந்தால்தான் ஊரின் மையமான காம்போ சதுக்கம். இந்த ஊர்களெல்லாம் உள்ள டஸ்கனி வட்டாரத்தில் ரயிலா காரா என்பதை முடிவு செய்வது இந்தக் கடைசி இரண்டு மூன்று கிலோமீட்டர்தான். டிக்கெட் விலையும் பெட்ரோல் விலையும் அப்புறம்.

பிரிட்டனிலிருந்து வந்தவர்கள் பெரும்பாலும் விலையிலிருந்தே கணக்கைத் தொடங்குகிறார்கள். அங்கே அது சரி. முன்கூட்டியே வாங்கினால் ஒரு விலை, கூட்ட நேரத்தில் ஒரு விலை, தள்ளுபடி தரும் ரயில் கார்டு இருந்தால் இன்னொரு விலை. இத்தாலியின் ‘ரெஜியோனாலே’ எனப்படும் வட்டார ரயிலில் கட்டணம் தூரத்தைப் பொறுத்தது. ஒரு மாதம் முன்பு வாங்கினாலும் ஐந்து நிமிடம் முன்பு வாங்கினாலும் அதே பணம், இருக்கை எண்ணும் கிடையாது. லூக்கா, பீசா, அரெட்ஸோ மூன்றுக்குமே ஒருவழிக்குப் பத்து யூரோவை ஒட்டித்தான் ஆகும். முன்பதிவால் லாபம் வருவது அதிவேக ரயிலில் மட்டும். புளோரன்ஸிலிருந்து பொலோன்யாவுக்கு அது நாற்பது நிமிடத்துக்குள் போய்விடும். அந்த ஊருக்குக் காரை எடுப்பது வீண்.

ரயிலில் எங்கே இடறுவோம்

வட்டார ரயிலின் காகித டிக்கெட் வாங்கியதோடு செல்லுபடியாகிவிடாது. பிளாட்பாரத்தின் தலைப்பிலோ சுரங்கப்பாதை வாசலிலோ சின்னப் பெட்டி ஒன்று இருக்கும். டிக்கெட்டின் முனையை அதன் வாயில் நுழைத்து ஓரமாகத் தள்ளினால் தேதியும் நேரமும் அச்சாகும். அச்சு விழுந்ததா என்று கண்ணால் பார்த்துவிட்டுத்தான் ஏற வேண்டும், மை தீர்ந்த இயந்திரங்கள் உண்டு. இயந்திரம் வேலை செய்யாவிட்டால் தேதி, நேரம், நிலையத்தின் பெயர் மூன்றையும் டிக்கெட்டில் பேனாவால் எழுதிக்கொண்டு, ஏறிய உடனே ‘காப்போத்ரேனோ’வை, அதாவது ரயிலின் நடத்துநரைத் தேடிப் போய்ச் சொல்லுங்கள். அவர் வரும்வரை உட்கார்ந்திருந்தால், டிக்கெட் இல்லாமல் வந்தவருக்கு உள்ள அபராதம்தான். அச்சு விழுந்த நேரத்திலிருந்து நான்கு மணி நேரம் டிக்கெட் செல்லும். கைபேசியில் வாங்கிய டிக்கெட்டுக்கு முத்திரை தேவையில்லை, ஆனால் ஏறுவதற்கு முன் ‘செக்-இன்’ பொத்தானை அழுத்தியாக வேண்டும். புதிதாக வந்தவர்கள் அதிகம் மறப்பது இதைத்தான்.

அடுத்தது அட்டவணையில் வரும் இரண்டு சொற்கள். ‘ஃபெரியாலே’ என்பதைப் பார்த்து விடுமுறை நாள் என்று எடுத்துக்கொள்பவர்கள் பலர். அர்த்தம் நேர் எதிர்: அது வேலை நாள், சனிக்கிழமையும் அதில் சேரும். ‘ஃபெஸ்தீவோ’ என்றால் ஞாயிறும் அரசு விடுமுறையும். பள்ளி நாட்களில் மட்டும் ஓடுபவை ‘ஸ்கொலாஸ்திகோ’. இந்த வேறுபாடு ரயிலை விடப் பேருந்தில்தான் பெரிதாக உதைக்கும். சனிக்கிழமை ஒரு மலையூருக்கு நாள் முழுக்கப் பேருந்து ஓடியிருக்கும். மறுநாள் அதே தடத்தில் மூன்று நான்கு வண்டிகளே இருக்கலாம், கடைசி வண்டி மாலைக்கு முன்பே புறப்பட்டிருக்கவும் கூடும். அதனால் ஞாயிற்றுக்கிழமைப் பயணத்தை எப்போதும் பின்னாலிருந்து திட்டமிடுங்கள். திரும்பும் கடைசி வண்டியை முதலில் பார்த்து, பிறகு போகும் வண்டியை முடிவு செய்யுங்கள்.

மூன்றாவது ‘ஷோப்பெரோ’, வேலைநிறுத்தம். இத்தாலியில் இதை முன்கூட்டியே அறிவிப்பார்கள், போக்குவரத்து அமைச்சகத்தின் தளத்தில் பட்டியலே இருக்கும். வெள்ளிக்கிழமைகளில் அடிக்கடி வரும், சில சமயம் சனி இரவு ஒன்பதிலிருந்து ஞாயிறு இரவு ஒன்பது வரையும் நடக்கும். வேலை நாட்களில் காலை 6 முதல் 9 வரையும் மாலை 6 முதல் 9 வரையும் வட்டார ரயில்கள் ஓடும் என்று உத்தரவாதம் உண்டு. ஞாயிற்றுக்கிழமைக்கு அந்த உத்தரவாதம் கிடையாது. வெள்ளிக்கிழமை இரவு இரண்டு நிமிடம் அந்தப் பட்டியலைப் பார்ப்பது வழக்கமாக வேண்டும்.

பேருந்து: மறந்துவிடும் மூன்றாவது வழி

சியெனாவுக்கு ரயிலை விடப் பேருந்தே மேல், இதில் தயக்கமே வேண்டாம். புளோரன்ஸின் முக்கிய ரயில் நிலையமான சாந்தா மரியா நொவெல்லாவின் பக்கத்திலுள்ள பேருந்து நிலையத்திலிருந்து புறப்படும் ‘ராப்பிதா’ வண்டி, நிறுத்தங்கள் குறைவாக ஒன்றே கால் மணி நேரத்தில் சியெனாவின் மேல் பகுதியிலேயே இறக்கிவிடும். ரயிலுக்கு ஒன்றரை மணி நேரம், அதோடு அந்த ஏற்றம். வண்டியில் ‘ராப்பிதா’ என்று எழுதியிருக்கிறதா என்று மட்டும் பார்த்து ஏறுங்கள். ‘ஒர்தினாரியா’ என்றால் வழியிலுள்ள ஊர்களுக்குள் எல்லாம் புகுந்து வரும்.

சான் ஜிமிஞ்ஞானோவுக்கு ரயில் நிலையமே கிடையாது. பொஜ்ஜிபொன்ஸி வரை போய் அங்கே பேருந்து மாற வேண்டும். சனிக்கிழமை அது சுலபம். ஞாயிறு என்றால் இணைப்பு வண்டிக்காக ஒரு மணி நேரம் காத்திருக்கத் தயாராகப் போக வேண்டும்.

சொந்தக் கார்

முதலில் லைசென்ஸ். இத்தாலியில் வசிப்பிடம் பதிவு செய்த நாளிலிருந்து ஓராண்டு வரைதான் பிரிட்டிஷ் லைசென்ஸில் ஓட்டலாம். தேர்வு எழுதாமல் இத்தாலிய லைசென்ஸாக மாற்றிக்கொள்ள இரு நாடுகளின் ஒப்பந்தம் 30 மார்ச் 2023 அன்று நடைமுறைக்கு வந்தது. மருத்துவச் சான்று, மொழிபெயர்ப்பு, புகைப்படம் என்று சேர்த்துக் கொடுத்த பிறகும் மாதக்கணக்கில் இழுக்கலாம். அதனால் வந்த முதல் சில மாதங்களிலேயே விண்ணப்பித்துவிடுங்கள். ஓராண்டுக் கெடு வாடகைக் காருக்கும் பொருந்தும். கடைக்காரர் கேட்காமல் சாவியைக் கொடுத்துவிட்டாலும், விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ் நிறுவனம் கேட்கும்.

ஊரிலிருந்து காரையே கொண்டுவந்தவர்கள் வசிப்பிடம் பதிந்த மூன்று மாதத்துக்குள் இத்தாலிய நம்பர் பிளேட்டுக்கு மாற்றியாக வேண்டும். அதையும் செய்து முடித்தாலும், ஸ்டீயரிங் வலப்பக்கம் உள்ள கார் இங்கே தினசரித் தொல்லைதான். நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடியில் சீட்டு தரும் இயந்திரம் இடப்பக்கம் இருக்கும். பக்கத்தில் ஆள் இல்லையென்றால், சீட் பெல்ட்டைக் கழற்றி, பக்கத்து இருக்கையின் மேல் படுத்து, அந்தப் பக்க ஜன்னல் வழியே கையை நீட்ட வேண்டும். பின்னால் வண்டிகள் வரிசையாக நிற்கும். கண்ணாடியில் ஒட்டும் டெலிபாஸ் கருவி இருந்தால் இந்தத் தொல்லை போய்விடும், மஞ்சள் தடத்தில் நிற்காமல் கடக்கலாம். கருவி இல்லாமல் அந்தத் தடத்தில் நுழைந்துவிட்டால் பின்னோக்கி எடுக்காதீர்கள். உதவிப் பொத்தானை அழுத்தி, தரும் ரசீதை வாங்கிக்கொண்டு பிறகு கட்டுங்கள். கையில் வாங்கிய சீட்டைத் தொலைத்துவிட்டால், சாலையின் கோடியிலிருந்து வந்ததாக வைத்து முழுக் கட்டணமும் வசூலிப்பார்கள்.

பலகைகளின் நிறமும் குழப்பும். பிரிட்டனில் மோட்டார்வே பலகை நீலம், பெரிய சாலைகளுக்குப் பச்சை. இத்தாலியில் சுங்கம் கட்டும் ‘ஆட்டோஸ்ட்ராதா’ பச்சை, மற்ற பெரிய சாலைகள் நீலம். வண்டி நிறுத்தும் கோடுகளில் வெள்ளை இலவசம், நீலம் கட்டணம், மஞ்சள் குடியிருப்பவர்கள் போன்ற குறிப்பிட்டவர்களுக்கு ஒதுக்கியது. வெள்ளைக் கோட்டிலும் ‘டிஸ்கோ ஒராரியோ’ என்ற அட்டை நேரக் கடிகாரத்தைக் கண்ணாடியில் வைக்கச் சொல்லும் பலகை இருக்கலாம். அதில் குறுக்காக வைத்த இரண்டு சுத்தியல்கள் இருந்தால் விதி வேலை நாட்களுக்கு, சிலுவை இருந்தால் ஞாயிறு மற்றும் விடுமுறைக்கு.

எல்லாவற்றையும் விடப் பெரிய கண்ணி, பழைய நகரங்களைச் சுற்றியுள்ள ‘ஸெட்-டி-எல்’, போக்குவரத்து கட்டுப்படுத்தப்பட்ட பகுதி. நுழைவாயிலில் சிவப்பு வட்டப் பலகை, அதன் பக்கத்தில் ஒளிரும் எழுத்து, மேலே கேமரா. எழுத்து ‘வார்கோ ஆத்தீவோ’ என்றிருந்தால், வழி திறந்திருக்கிறது என்று எண்ணி உள்ளே போகிறவர்கள் ஏராளம். உண்மையில் கண்காணிப்பு இயங்குகிறது, நுழையாதே என்று பொருள். ‘நோன் ஆத்தீவோ’ என்றிருந்தால்தான் போகலாம். புளோரன்ஸில் வாரநாளில் காலை 7:30 முதல் இரவு 8 வரையும், சனிக்கிழமை மாலை 4 வரையும் தடை. கோடையில் சில இரவுகளிலும் உண்டு. தடுப்புக் கம்பம் கிடையாது, யாரும் விசில் ஊதி நிறுத்தமாட்டார்கள். எண்பது யூரோவுக்கு மேற்பட்ட அபராத நோட்டீஸ் வாரங்கள் கழித்து வீட்டுக்கு வரும். கையில் கிடைத்த ஐந்து நாளுக்குள் கட்டினால் முப்பது சதவீதம் குறையும். வாடகைக் கார் என்றால், உங்கள் விவரத்தைக் காவல்துறைக்குக் கொடுத்ததற்காகக் கார் நிறுவனம் தனியாக ஒரு கட்டணத்தை உங்கள் கார்டில் எடுத்துக்கொள்ளும், அது அபராதத்தில் கழியாது. லூக்காவின் மதிலுக்குள்ளும் சியெனாவிலும் இதே ஏற்பாடுதான். காரில் போனாலும் வெளியே நிறுத்திவிட்டு நடக்க வேண்டும் எனும்போது, லூக்காவில் காருக்கு இருந்த ஒரே அனுகூலமும் போய்விடுகிறது.

செலவை ஆண்டுக் கணக்கில்தான் போட வேண்டும். எஞ்சின் திறனைப் பொறுத்த ‘போல்லோ’ வரி, குடியிருப்போருக்கான பார்க்கிங் அனுமதி, வண்டியின் தகுதிப் பரிசோதனை, இன்சூரன்ஸ். பரிசோதனையில் பிரிட்டனை விட இங்கே நிம்மதி: முதல் நான்கு ஆண்டு கிடையாது, பிறகு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறைதான். இன்சூரன்ஸில் நேர்மாறு. கட்டணம் பதினெட்டுப் படிகள் கொண்டது, முதல் படிதான் மலிவு; புதியவர் பதினான்காவது படியில் தொடங்குவார். பிரிட்டனில் விபத்தில்லாமல் ஓட்டிய ஆண்டுகளுக்குச் சான்றிதழ் வாங்கி வந்து கேட்டுப்பாருங்கள், ஏற்கும் நிறுவனம் கிடைத்தால் நல்ல தொகை மிச்சமாகும். கியாந்தி குன்றுப் பகுதியில் கிராமத்து வீடு எடுத்தவர்களுக்குக் கார் அவசியம். புளோரன்ஸ் நகருக்குள் இருக்கும் இருவருக்கு, வார இறுதிக்காக மட்டும் ஒரு கார் வைத்திருப்பது பணத்துக்குக் கேடு.

எந்த ஊருக்கு எது

லூக்காவுக்கு ரயில்தான். மதிலின் மேல் நான்கு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான சுற்றுப்பாதை, மரநிழல், சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கும். சொந்த சைக்கிளையும் வட்டார ரயிலில் ஏற்றலாம், அதற்குத் தனி டிக்கெட் எடுக்க வேண்டும். மடித்த சைக்கிளுக்குக் கட்டணம் இல்லை.

அரெட்ஸோவின் பழம்பொருள் சந்தை 1968 முதல் நடக்கிறது. மாதத்தின் முதல் ஞாயிறும் அதற்கு முந்தைய சனியும். ஊரில் சந்தைகளை அலசிப் பழகிய பிரிட்டிஷ்காரர்கள் தவறாமல் போகும் இடம். பார்க்க, பீங்கான் வாங்க என்றால் ரயில், நாற்காலி வாங்கும் எண்ணம் இருந்தால் கார். சனிக்கிழமை போனால் கூட்டம் குறைவு, ரயிலும் அதிகம்.

கடலோரத்து ஐந்து சிற்றூர்களான சிங்க்வே தெர்ரேக்குக் கார் எடுக்கவே வேண்டாம். ஊர்களுக்குள் வெளியாட்களின் வண்டிக்கு இடமில்லை, பக்கத்து நகரமான லா ஸ்பெத்ஸியாவில் நிறுத்திவிட்டு எப்படியும் ரயிலில்தான் போக வேண்டும். வியாரெஜ்ஜோ கடற்கரைக்கும் கோடையில் ரயிலே. நிலையத்திலிருந்து கடல் பதினைந்து நிமிட நடை. ஜூலை, ஆகஸ்ட் ஞாயிறு மாலையில் கடற்கரையிலிருந்து நகரத்துக்குத் திரும்பும் கார்கள் ஊர்ந்துகொண்டிருக்கும்.

வால் தோர்ச்சா பள்ளத்தாக்கு, பியென்ஸா ஊர், சான் கல்கானோவின் கூரையில்லாத மடாலயம், சத்தூர்னியாவின் இலவச வெந்நீர் அருவி, இவற்றுக்குக் கார் இல்லாமல் முடியாது. ஞாயிற்றுக்கிழமைப் பேருந்தை நம்பி இந்தப் பக்கம் போகக் கூடாது. மூன்று நான்கு பேர் சேர்ந்தால் ஒருநாள் வாடகையும் பெட்ரோலும் பிரித்துக்கொள்ளும்போது ரயில் டிக்கெட் அளவுக்கே வந்து நிற்கும். இந்த ஊர்களை ஒரே வார இறுதியில் கோத்து, மாதம் ஒருமுறை வாடகைக்கு எடுப்பதே எங்கள் தேர்வு.

வண்டியை நகர மையத்தில் எடுக்காமல் விமான நிலையப் பக்கம் எடுங்கள். டிராம் இருபது நிமிடத்தில் கொண்டுபோய்விடும், கேமராப் பகுதியைத் தொடவே வேண்டாம். டெபிட் கார்டைப் பல கடைகள் ஏற்பதில்லை, ஓட்டுநர் பெயரிலேயே கிரெடிட் கார்டு வேண்டும். மலைப்பக்கம் ‘ஸ்ட்ராதே பியாங்கே’ என்ற வெள்ளை மண் சாலைகள் வரும், டயருக்கும் அடிப்பகுதிக்கும் சேதம் வந்தால் சாதாரண இன்சூரன்ஸ் பெரும்பாலும் தராது. 15 நவம்பர் முதல் 15 ஏப்ரல் வரை பலகை உள்ள சாலைகளில் குளிர்கால டயர் அல்லது சங்கிலி கட்டாயம், வண்டியில் இருக்கிறதா என்று எடுக்கும்போதே கேளுங்கள். பெட்ரோல் பங்கில் ‘செல்ஃப்’ பக்கம் நிறுத்துங்கள், ‘செர்வீத்தோ’ பக்கம் ஆள் போட்டுவிடுவார், லிட்டருக்கு விலை கூடும். தானியங்கி இயந்திரம் முதலில் நூறு யூரோ போலக் கார்டில் பிடித்துவைக்கும், மீதி சில நாளில் விடுபடும். ‘பென்ஸீனா’ பெட்ரோல், ‘கஸோலியோ’ டீசல்.

ஞாயிறு மதியச் சாப்பாட்டை வைத்துப் பயண நேரத்தை அமையுங்கள். கிராமத்து உணவகங்கள் பன்னிரண்டரைக்குத் தொடங்கி இரண்டரைக்கு அடுப்பை அணைத்துவிடும், முன்பதிவும் வேண்டும். வாடகைக் கடை ஞாயிறு மாலை மூடியிருந்தால் சாவியைப் பெட்டியில் போட வேண்டியிருக்கும். அதற்கு முன் நான்கு பக்கமும், சக்கரங்களும், பெட்ரோல் முள்ளும் கிலோமீட்டரும் தெரியும்படி டாஷ்போர்டும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மறுநாள் காலை அவர்கள் வண்டியைப் பார்க்கும்போது பக்கத்தில் நீங்கள் இருக்கமாட்டீர்கள்.