இரட்டைச் சிலிண்டர்: முதுகிலா, பக்கவாட்டிலா?

ஸ்காட்லாந்தின் ஸ்காப்பா ஃப்ளோ என்ற கடற்பகுதியில் 1919-ல் மூழ்கடிக்கப்பட்ட ஜெர்மன் போர்க்கப்பல்களைப் பார்க்க ஸ்கூபா டைவிங் போகிறவர்கள் பலர் முதுகில் ஜோடிச் சிலிண்டருடன்தான் இறங்குகிறார்கள். 12 லிட்டர் இரண்டு, 232 பார் அழுத்தத்தில் சுமார் 5,500 லிட்டர் காற்று. எடை 40 கிலோவை நெருங்கும். ஆடும் படகில் எழுந்து நிற்பதற்குள் முழங்கால் கெஞ்சும். ஒரு பக்கம் கசிந்தால் இரண்டையும் இணைக்கும் நடு வால்வை மூடி மறுபக்கக் காற்றைக் காப்பாற்றலாம். ஆனால் அந்த வால்வுகள் தலைக்குப் பின்னால். கையை வளைத்து, தடவிப் பார்த்துத் திருகப் பழகியே ஆக வேண்டும். இதைப் பழகாமல் ஆழம் போகவே கூடாது.

சிலிண்டர்களை உடலின் இருபுறமும் மாட்டும் பக்கவாட்டு முறை நீருக்கடிக் குகைகளில் வளர்ந்தது. சிலிண்டர்களைத் தண்ணீரிலேயே ஒவ்வொன்றாக மாட்டலாம், வால்வும் கண்ணெதிரே. சரி, காற்று? இரண்டும் தனித்தனி, மாறி மாறிச் சுவாசித்துச் சமமாக வைக்க வேண்டும்.

செலவு இரண்டிலும் ஏறும்: ரெகுலேட்டர் (சிலிண்டர் காற்றைச் சுவாசிக்கத் தரும் கருவி) இரண்டு, அப்புறம் புது மிதவைப் பை, பட்டைகள். முதுகுவலி உள்ளவருக்குப் பக்கவாட்டையே சொல்வேன்.