நாகஸ்வரமும் நாலு வருட இணையமும்: ஒரு கலைஞனின் பயன்பாட்டு அனுபவம்

2020-இல் கோயில் திருவிழாக்களும் பெரிய கல்யாணங்களும் நின்றுபோனபோது, கும்பகோணத்துக்கும் மயிலாடுதுறைக்கும் இடைப்பட்ட எங்கள் பகுதியில் மேளத்தை நம்பியிருந்த குடும்பங்கள் பட்ட பாட்டை இங்கே விவரிக்கத் தேவையில்லை. வாட்ஸ்அப் தவிர வேறெதையும் தொடாதிருந்த நான், மறுவருடம் என் நாகஸ்வர வாசிப்பை இணையத்தில் ஏற்றத் தொடங்கினேன். அதன்பின் நாலு வருடமாக யூடியூப், ஸ்பாட்டிஃபை, ஃபேஸ்புக் விளம்பரம், பதிவுகளைப் பாட்டுத் தளங்களுக்குக் கொண்டுசேர்க்கும் ஒரு விநியோகச் சேவை ஆகியவற்றைப் பயன்படுத்தியதில் எது கைகொடுத்தது, எது காசைத் தின்றது என்பதை எழுதுகிறேன்.

முதல் தடை ஒலிப்பதிவுதான். நாகஸ்வரம் திறந்த வீதிக்கான வாத்தியம்; அதைத் திண்ணையில் வாசித்துக் கைபேசியில் பதிந்தால், கைபேசி ஒலியளவைத் தானே கூட்டிக் குறைத்து, மேல் ஷட்ஜத்தை (மேல் ஸ்தாயியின் 'ஸ' ஸ்வரத்தை) அமுக்கிவிட்டு, அடுத்து மெல்லிதாக நீட்டி நிறுத்தும் கார்வையில் எதிர்வீட்டுக் குக்கர் விசிலைத் தூக்கிக் காட்டும். என் முதல் பதிவான தோடி ராகம் அப்படித்தான் வெளியே போனது. பிறகு ஒலியளவைக் கையால் நிறுத்தி வைக்கக்கூடிய சிறிய ரெக்கார்டர் ஒன்றை வாங்கினேன். வாத்தியத்தின் விரிந்த அடிப்பகுதியான அணசுக்கு நேரே வைக்காமல், பத்தடி தள்ளிச் சற்றுப் பக்கவாட்டில் வைத்தபோதுதான் வாத்தியம் வாத்தியமாகக் கேட்டது. விரல் துளைகளிலிருந்தும் நாதம் வருவதால் அணசின் வாயை மட்டும் பிடித்தால் ஒலி கரகரக்கிறது. தவில் வாசிக்கும் அண்ணனை, தவிலின் வலப்பக்க முகமான வலந்தலை மைக்கைப் பார்க்காதபடி திருப்பி உட்காரச் சொன்னேன். "ஊரே என் முகத்தைப் பார்க்கணும்னு வந்தா நீ முதுகைக் காட்டச் சொல்றியேப்பா" என்றார். பதிவைக் கேட்டபின் அவரே இடத்தைக் குறித்து வைத்துக்கொண்டார்.

விளம்பரத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஃபேஸ்புக்கில் நாடு முழுவதற்கும் காசு கட்டிப் பரப்பியதில் விருப்பக்குறிகள் வந்தன, விசாரிப்பு ஒன்றும் வரவில்லை. பார்வைகளைக் கூட்டித் தருவதாகச் சொன்ன ஒருவரிடமும் ஏமாந்தேன். அவர் அனுப்பிய பார்வைகள் சில விநாடிகளிலேயே நின்றுவிட்டதை, யார் எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள் என்று காட்டும் யூடியூபின் வரைபடம் காட்டிக்கொடுத்தது. ஸ்பாட்டிஃபையில் இதைச் செய்யவே கூடாது. செயற்கையான கேட்புகளைக் கண்டால் அவற்றைக் கணக்கிலிருந்து நீக்குவதோடு, பதிவையே எடுத்துவிடும் அபாயமும் உண்டு.

அந்த வரைபடம் வேறொன்றையும் கற்றுக்கொடுத்தது. சுருதி சேர்த்து, வாயில் வைத்து ஊதும் சீவாளியைச் சரிசெய்து, வணக்கம் சொல்லி முடிக்கும் முன்பே பாதிப்பேர் போய்விடுகிறார்கள். இப்போது முதல் விநாடியிலேயே ராகத்தில் இறங்கிவிடுகிறேன். ஆனால், ஆலாபனையைச் சுருக்கவில்லை. நுழைந்து நிற்பவர்கள் கடைசிவரை நிற்கிறார்கள்.

உண்மையில் மாற்றம் தந்தது தலைப்புதான். தொடக்கத்தில் ராகத்தின் பெயரையும் என் பெயரையும் மட்டும் போட்டேன். கேட்பவர்களோ ராகத்தைத் தேடுவதில்லை. "தேர் மல்லாரி", "ஊஞ்சல்", "மாலை மாற்றல்", "கெட்டிமேளம்" என்று சடங்கைத்தான் தேடுகிறார்கள். ஆங்கில எழுத்தில் தட்டுபவர்கள் நாதஸ்வரம், நாகஸ்வரம், நாதசுரம் என்று ஆளுக்கொரு விதமாகத் தட்டுகிறார்கள். கம்பீரநாட்டையில் வாசித்த தளிகை மல்லாரிப் பதிவு ஒரு வருடமாகத் தூங்கிக் கிடந்தது. ராகத்தைப் பின்னே தள்ளி, சுவாமிக்கு நைவேத்தியம் எடுத்து வரும்போது வாசிப்பது என்று தலைப்பிலேயே தமிழில் எழுதியபின் எழுந்து உட்கார்ந்தது.

வருமானக் கணக்கு வேறு. யூடியூபில் 500 சந்தாதாரர்கள், 90 நாளில் 3 பதிவுகள், ஒரு வருடத்தில் 3000 மணி நேரப் பார்வை இருந்தால் ரசிகர்கள் நேரடியாகப் பணம் தரும் வசதி கிடைக்கும். விளம்பரப் பங்குக்கு 1000 பேரும் 4000 மணி நேரமும் வேண்டும். ஷார்ட்ஸ் எனப்படும் குறுங்காணொளிகள் வழியே போவதற்குத் தனிக் கணக்கு உண்டு. எனக்கு மணி நேரம் சுலபமாகச் சேர்ந்தது. காரணம் தெரிந்தபோது சிரிப்பதா அழுவதா என்று விளங்கவில்லை: கிரகப்பிரவேசத்தன்று என் பதிவை ஒலிபெருக்கியில் காலை முழுக்க ஓடவிடுகிறார்கள், அதாவது என் மேளத்துக்குப் போட்டியாக என் மேளமே நிற்கிறது. அதனால், முழு முகூர்த்தத்தையும் தொகுத்து ஏற்றுவதை நிறுத்திவிட்டேன். ஒவ்வொரு சடங்குக்கும் தனித்தனியாக, எந்த நேரத்தில் எதை ஏன் வாசிக்கிறோம் என்ற விளக்கத்தோடு ஏற்றுகிறேன். அழைப்புகள் அதன் பிறகுதான் கூடின. "தம்பி, அந்த வீடியோவிலே வாசிச்சதையே வாசிக்கணும்" என்று பெண்ணின் அப்பாக்கள் கேட்கிறார்கள்.

ஸ்பாட்டிஃபையில் 2024 முதல், 12 மாதத்தில் 1000 முறையாவது கேட்கப்படாத பதிவுக்கு வருமானப் பங்கு கிடையாது. என் பதினொன்றில் இரண்டுதான் அதைத் தாண்டின. வந்த தொகை நல்ல சீவாளி வாங்கக்கூடப் போதாது. வெளியீட்டுக்கு 7 நாள் முன்பாவது பாட்டுப் பட்டியல்களைத் தொகுக்கும் அவர்களுடைய ஆசிரியர் குழுவுக்கு விண்ணப்பிக்கலாம் என்பதால் ஒவ்வொரு முறையும் விண்ணப்பிக்கிறேன், இதுவரை பலனில்லை.

மிகவும் நோகவைத்தது உரிமைச் சிக்கல். தியாகராஜர் 1847-இல் சித்தியடைந்தவர். கீர்த்தனைக்கு யாரும் உரிமை கோர முடியாது, ஒலிப்பதிவுக்கு மட்டும் தனி உரிமை உண்டு. என் விநியோகச் சேவை, என்னிடம் தெளிவாக விளக்காமலே, என் பதிவுகளை யூடியூபின் தானியங்கி உரிமைக் கண்டறிதலில் சேர்த்துவிட்டதால், என் சேனலில் நான் ஏற்றிய என் வாசிப்புக்கே உரிமைக் கோரிக்கை வந்தது. ஆட்சேபம் தெரிவித்தால் பதில் சொல்ல, உரிமை கோரிய அந்த விநியோகச் சேவைக்கு 30 நாள் அவகாசம். மூன்று மின்னஞ்சலுக்குப் பிறகே என் சேனலை, உரிமைக் கோரிக்கை வராத விலக்குப் பட்டியலில் சேர்த்தார்கள். அதற்குள் ஆவணி முகூர்த்தங்கள் முடிந்துவிட்டன.

கல்யாணம் இல்லாத இந்த ஆடியில் வேறு சேவைக்கு மாறப் போகிறேன். பழைய பதிவுகளை ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் அடையாளமாகத் தரப்படும் அதே பன்னிரண்டு எழுத்து ஐஎஸ்ஆர்சி குறியீட்டோடு ஏற்றினால்தான் இதுவரை சேர்ந்த கேட்பு எண்ணிக்கை தொடரும் என்பதால், பதினொரு குறியீடுகளையும் முன்பணம் குறிக்கும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.