38 ரிங்கிட் ஸ்ட்ரெச் செட்: பட்டை வேண்டாம், கட்டை போதும்

மூன்றாம் ஆண்டு படிக்கும் என் மகளுக்குப் பள்ளியில் கிம்ராமா (ரிதமிக் ஜிம்னாஸ்டிக்ஸ்) பைத்தியம் பிடித்துவிட்டது. ரிப்பன் சுற்றுவதோடு நின்றிருந்தால் பரவாயில்லை, ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே நீட்டித் தரையோடு உட்காரும் ஸ்ப்ளிட் வேண்டுமாம். எனக்குச் செம்பனை ஆலையில் ஷிப்டு வேலை. சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போவுக்கு வகுப்பு தேடி ஓட முடியாது. ஆன்லைனில் ஒரு செட் வாங்கினேன்: கதவில் மாட்டும் பட்டை ஒன்று, ஃபோம் கட்டை இரண்டு.

பட்டையைப் பற்றி முதலில். கதவின் மேல் ஒரு முனையை மாட்டி, வளையத்தில் காலை விட்டு, மறுமுனையை இழுத்தால் கால் உயரும். பெட்டியில் சிரிக்கும் பெண் தானே இழுத்துக்கொள்கிறாள். எங்கள் வீட்டில் இழுத்தது நான், வலி அவளுக்கு. நாலாம் நாள் "இன்னும் கொஞ்சம்மா" என்று இழுத்தேன். பிட்டத்துக்குக் கீழே சுருக்கென்றது என்று அழுதாள். "பிள்ள கால ஒடச்சிட்டுத்தான் விடுவ போல" என்று என் அம்மா போட்ட சத்தம் பக்கத்து வீடு வரை கேட்டிருக்கும்.

கிளினிக்கில் டாக்டர் பொறுமையாகச் சொன்னார். தொடையின் பின்தசை, உட்காரும் எலும்பில் ஒட்டும் இடம் வளரும் பிள்ளைகளுக்கு இன்னும் குருத்தெலும்பாகத்தான் இருக்குமாம். வெடுக்கென்று இழுத்தால் தசையோடு எலும்புத் துண்டே பிய்ந்து வரலாம். நல்ல வேளை, இவளுக்கு வெறும் பிடிப்பு. மூன்று வாரம் ஓய்வு.

அப்புறம்தான் கட்டையின் அருமை தெரிந்தது. ஒரு கால் முன்னே, பின்கால் முட்டி துண்டின் மேல், இரண்டு பக்கமும் கட்டையில் கை. உடம்பின் பாரத்தைக் கை தாங்குவதால் எவ்வளவு இறங்குவது என்பதை அவளே முடிவு செய்கிறாள். கட்டையை நிமிர்த்தி வைத்தால் 23 செ.மீ., பக்கவாட்டில் 15, படுக்க வைத்தால் 7.5. மூன்று படி மாதிரி. இரண்டு மாதமாகிறது, இப்போது நடுப்படியில் இருக்கிறாள்.

முதலில் பத்து நிமிடம் ஸ்கிப்பிங், உடம்பு சூடாக வேண்டும். பிறகு ஒவ்வொரு பக்கமும் 30 விநாடி, மூன்று தடவை. வாரத்தில் நாலு நாள். குதித்துக் குதித்து இறங்குவது கிடையாது, தோளை அமுக்கிவிடுவதும் கிடையாது. இடுப்பு பக்கவாட்டில் திரும்பினால் மட்டும் "நேரா" என்பேன், அதோடு என் வேலை முடிந்தது. சாக்ஸைக் கழற்றச் சொல்லிவிடுங்கள், மொசைக் தரையில் முன்கால் சர்ரென்று வழுக்கிக்கொண்டு போகும்.

குறை என்றால், கட்டையில் ஒரு வாரம் ரப்பர் நாற்றம். வெயிலில் போட்டதும் போனது. ஓரமும் கொஞ்சம் உதிர்கிறது. அந்தப் பட்டை இப்போது என் மோட்டார் சைக்கிளில் கேஸ் தோம்பைக் கட்டத்தான் பயன்படுகிறது. அதற்கு ரொம்ப நல்ல பட்டை.